பதினஞ்சு வருஷம் ஓடும்

எங்கள் கம்பெனிக்கு அவர் வந்த அன்று கேண்டீன் பாப்பாத்தியக்கா ஒரு தட்டில் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம் வைத்துக் கொடுத்தார். புது மேனேஜர் அல்லவா, அந்த மரியாதை. அவர் ஒரு விள்ளல் எடுத்து நிதானமாக மென்றார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் டீ டம்ளரோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

"எப்படி இருக்குதுங்க சார்?"

"எண்ணெய் பழசு. சிக்கு வாடை அடிக்குது" என்றார்.

பாப்பாத்தியக்காவிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. வாடை அடிப்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் 'அருமைங்கக்கா' என்று சொல்லித் தின்றுகொண்டிருந்தோம். அக்கா கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினார்.

"ஏனுங்க சார், ஊட்ல உங்க சம்சாரத்துகிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"பேசினேன். அதனாலதான் காந்திபுரத்துல லாட்ஜ்ல இருக்கேன்."

கேண்டீனே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது நகைச்சுவை இல்லை, உண்மை. மிச்சக் கச்சாயத்தையும் ஒரு துணுக்கு விடாமல் தின்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் புது எண்ணெய் வந்தது. எனக்கு அந்த மனிதரை அங்கேயே பிடித்துவிட்டது.

பல்லடம் தாண்டி தாராபுரம் ரோட்டில் இருந்தது எங்கள் கம்பெனி. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய சரக்குகளைச் செய்தோம்: துணியை மெத்தென்று ஆக்கும் சாஃப்ட்னர், சாயத்தை ஒட்டவைக்கும் ஃபிக்சர், இன்னும் சில. கெமிக்கல் எஞ்சினியரிங் முடித்த கையோடு நான் அங்கே லேபில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. ஆர்டர் மெலிந்து, சரக்கு காய்ச்சும் நாலு ரியாக்டரில் இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மொதலாளி பெங்களூரில் ஏதோ ஏஜென்சியைப் பிடித்து இவரை வரவழைத்தார்.

இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. கம்பெனிக்கு ஒரு நெருக்கடி என்றால் ஆறு மாசம், எட்டு மாசம் என்று பேசிக்கொண்டு வாடகைக்கு ஒரு மேனேஜர் வருவார். ஒப்படைத்த வேலையை முடித்ததும் அடுத்த கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார். கடிதத்தில் 'இடைக்கால மேலாளர்' என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் 'ஆறு மாசத்து சார்' ஆக்கிவிட்டார்கள். கடலூர்ப் பக்கத்து ஆள். கடலூரிலும் வடக்கேயும் கெமிக்கல் கம்பெனிகளிலேயே முப்பது வருஷம் கழித்தவர். இது எத்தனையாவது கம்பெனி என்று கேட்டேன். "பதினொண்ணு" என்றார். அதில் எத்தனை இப்போதும் ஓடுகிறது என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஆண்டவனே, அந்த வயதில் எனக்குக் கேட்க வேறு எத்தனை இருந்தது! பதினொரு கம்பெனி பார்த்தவர் கிடைத்திருக்கிறார், சிலிகான் சாஃப்ட்னரைப் பற்றிக் கேட்பேனா, இதைக் கேட்பேனா?

மேனேஜர் அறையில் பெரிய சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவர் உட்காரவே இல்லை. கேண்டீனிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துவந்து போட்டுக்கொண்டார். ஏன் சார் என்றேன். "அது சௌகரியமான நாற்காலி. உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது" என்றார்.

பொய் என்ற பொருளே அவரிடம் கையிருப்பில் கிடையாது. கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். வழக்கமான கேள்விதான்: தொட்டி எப்போதாவது வழிந்ததா? வழக்கமான பதிலும் ஒன்று உண்டு. அக்கவுண்டண்ட் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவர், "செவ்வாய்க்கிழமை வழிஞ்சுது. ஒரு மணி நேரம். மோட்டார் நின்னுபோச்சு" என்றார். அக்கவுண்டண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு இவரையே பார்த்தார். அவருடைய சர்வீஸில் யாரும் 'ஆமாம்' என்று சொன்னதில்லை போலிருக்கிறது. மாற்று மோட்டார் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்காமலேயே போய்விட்டார்.

இன்னொரு தடவை சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வெள்ளை பனியன் கட்டோடு வந்து இறங்கினார். எங்கள் சாஃப்ட்னர் போட்டதில் எல்லாம் மஞ்சள் அடித்துவிட்டது.

"பாருங்க, வெள்ளையுங்களா இது? எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குது. எக்ஸ்போர்ட் சரக்குங்க!"

எங்களுக்கென்று ஒரு பாடம் உண்டு: உங்க தண்ணியில உப்பு ஜாஸ்திங்க, உங்க ட்ரையர்ல சூடு ஜாஸ்திங்க. நான் அதை ஒப்பிக்கத் தயாராக நின்றேன். சார் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "இந்த லாட்டுக்கு மஞ்சளடிக்குதான்னு டெஸ்ட் போட்டீங்களா?" என்றார். போடவில்லை. "இல்லைங்க சார்."

"தப்பு எங்களுது" என்று வந்தவரிடம் சொல்லிவிட்டார்.

வந்தவர் போனபின் சார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயப்பட்டறைக்காரர் அடுத்த வாரமே திரும்ப ஆர்டர் போட்டார். "ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்று சொல்லிப் போட்டார். அன்று ஹாஸ்டல் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இப்படி ஒருவர் கையில் கம்பெனி இருந்தால் விழுமா?

அவரிடம் இன்னொரு பாதியும் இருந்தது. கேட்டால் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். முதல் பாதியைக் கொண்டாடிக்கொண்டு நான் இரண்டாவது பாதியைக் கவனிக்காமல் விட்டேன்.

இரண்டாம் மாதத்தில் கம்பெனிக்கு உயிர் வந்தது. அப்படித்தான் எங்களுக்குத் தோன்றியது. மூன்று வருஷமாக நின்றுபோயிருந்த நாலாம் நம்பர் ரியாக்டரைத் திறந்தார். உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட பெரிய கலம் அது. அமிலம் ஊற்றினாலும் அரிக்காது. கலக்கி மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்தார். மூடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் எல்லாம் புதுசு. பைப்புகளுக்குப் பெயின்ட். ஒவ்வொரு பம்புக்கும், ஒவ்வொரு தொட்டிக்கும், லேபில் என்னுடைய தராசுக்குக்கூட ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் நம்பர் அடித்து மாட்டச் சொன்னார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். பாப்பாத்தியக்கா தன் இட்லிக் கொப்பரையைக் காட்டி, "இதுக்கு நம்பர் இல்லைங்களா சார்?" என்றார். "உண்டு" என்று சொல்லி ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

நானே ஒரு நாள் நேராகக் கேட்டேன்.

"சார், நாலாம் நம்பர் திரும்ப ஓடுமுங்களா?"

"ஓடும்."

"எத்தனை வருஷம் ஓடும்?"

அவர் கலத்தின் மேல் கையை வைத்து யோசித்தார். "கேஸ்கட்டை ஒழுங்கா மாத்திட்டு வந்தா பதினஞ்சு வருஷம் ஓடும்."

எங்கே ஓடும் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிஷக் கூட்டம் ஒன்றை ஆரம்பித்தார். பேசுவது அவர் இல்லை, நான். "நீங்க பேசுங்க. உங்களுக்கு நல்லா வருது" என்றார். நல்லாத்தான் வந்தது. புது சரக்கு, புது மார்க்கெட், நாலாம் நம்பர், பதினஞ்சு வருஷம் என்று நான் வெளுத்து வாங்கினேன். ஆட்கள் கை தட்டினார்கள். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

மாரப்பண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ரியாக்டர் ஆபரேட்டர். சாஃப்ட்னரை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே 'இன்னொரு இருவது நிமிசமுங்க அம்மணி' என்பார். என் டெஸ்ட்டும் அதையே சொல்லும். கம்பெனி நிற்கும் இடம் முன்பு மொதலாளி குடும்பத்துத் தோட்டம். அங்கே மாரப்பண்ணனின் அப்பா பண்ணையத்தில் கூலியாளாக இருந்தவர். அப்பா துண்டை இடுப்பில் கட்டி நின்ற மண்ணில் மகன் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க நடந்தார். கேண்டீனில், அங்கேயே வேலை பார்த்த மொதலாளியின் சித்தப்பா மகனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு அது வேலை மட்டும் இல்லை.

நாலாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லேபுக்கு வந்து கதவோரம் நின்றார்.

"அம்மணி, சித்த பேசலாமுங்களா?"

"வாங்ணா, உள்ள வாங்க."

"பெருந்துறையில ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க. இதே ரியாக்டர் வேலைதானுங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லோணும். போறதா இருக்கறதான்னு ஒண்ணும் புரியலைங்க."

"ஏனுங்ணா, இப்பப் போய்ப் போவாங்களா? இப்பத்தானே எல்லாம் சரியாயிட்டு வருது!"

"அதில்லீங்க. எனக்கு நாப்பத்தாறு ஆச்சு. இன்னொருக்கா யாரும் கூப்பிடமாட்டாங்க. இது நின்னுதுன்னா நான் நடுரோட்டுலதானுங்க. புள்ளைங்க ரெண்டும் படிக்குது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது. அவர் தன் மிச்ச வாழ்க்கையை என் மேஜையில், டெஸ்ட் குப்பிகளுக்கு நடுவில் வைத்தார். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய், யோசித்தேன். பெயின்ட்டை, புது கேஸ்கட்டை, நம்பர் தகடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மூடப்போகிறவன் எவனாவது பெயின்ட் அடிப்பானா?

"பதினஞ்சு வருஷமுங்ணா. சார் வாயாலயே சொன்னாரு. அவர் பொய் சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறமென்னங்ணா. நீங்க ரிட்டயர்டு ஆகறவரைக்கும் இங்கதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். திங்கட்கிழமை நாலாம் நம்பரில் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாம் மாதம் குஜராத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்காக மாரப்பண்ணன் நாலாம் நம்பரில் தண்ணீர் நிரப்பி, நீராவி விட்டு, கலக்கியை ஓட்டிக் காட்டினார். ஒரு அதிர்வு இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் கண்ணாடிப் பூச்சைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். கம்பெனியில் பணம் போட வந்தவர்கள் என்று எங்களுக்குள் பேச்சு. அவர்கள் ஒவ்வொரு தகட்டின் நம்பரையும் ஒரு தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை! ரியாக்டருக்கு நம்பர் எதற்கு? இட்லிக் கொப்பரைக்கு நம்பர் எதற்கு? செத்த ரியாக்டர் பழைய இரும்பு விலைக்குப் போகும். ஓடுகிற ரியாக்டர் ரியாக்டர் விலைக்குப் போகும். வாங்குகிறவன் எதிரில் ஓட்டிக் காட்ட ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

ஆறாம் மாதம் அவரே நோட்டீஸ் போர்டு பக்கத்தில் நின்று படித்துச் சொன்னார். கம்பெனி மூடப்படுகிறது. இயந்திரங்கள் விற்றாயிற்று. ஆட்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது எல்லாம் சேரும். யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வர்றதுக்கு முன்னாடியே தெரியும். இதுக்குத்தான் என்னை எடுத்தாங்க."

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொன்னா உன்ற வாய் வெந்தா போயிரும்?" பாப்பாத்தியக்கா கொப்பரையின் தகட்டைக் கழற்றி வந்து அவர் காலடியில் எறிந்தார். "நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

"தெரியலைங்க" என்றார் அவர்.

கேட்க நினைத்தவர்கள் எல்லாரும் கேட்டு முடிக்கும்வரை அந்த வெயிலிலேயே நின்றார். ஒன்றுக்குக்கூட மழுப்பவில்லை. சொன்னபடியே எல்லாருக்கும் சேர வேண்டியது சேர்ந்தது. ரியாக்டர்களைக் கழற்றி லாரியில் ஏற்ற மாரப்பண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். எந்த போல்ட் எங்கே இறுகியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பன்னிரண்டு நாள் வேலை. பெருந்துறையில் அதற்குள் வேறு ஆளை எடுத்திருந்தார்கள்.

அதன்பின் மூன்று வருஷம் நான் அந்த மனிதருக்காக வாதாடியிருக்கிறேன். தோழிகளிடம், வீட்டில், எனக்குள்ளேயே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கேட்காதது நம் தப்பு. மொதலாளியிடம் வாங்கிய வேலையை அவர் செய்தார். எங்களிடம் பொய் சொல்லவில்லை. மாரப்பண்ணனைக் கெடுத்தது என் வாய், என் அவசரம். அந்தப் பழியை நான் எடுத்துக்கொண்டு அவரைச் சுத்தமாக வைத்திருந்தேன். மனதில் ஒருவரையாவது அப்படி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன ஆவணியில் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்ட காவலாளி, "வாங்க அம்மணி" என்றார். நீலச் சட்டை, தோளில் பட்டை, தலையில் தொப்பி. மாரப்பண்ணன்.

எனக்கு ஓடிப்போகலாம் போலிருந்தது. அவருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"நெம்ப நாளாச்சுங்க! இப்ப எங்கீங்க இருக்கீங்க?"

"சரவணம்பட்டியிலீங்ணா."

அங்கே ஐ.டி. கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பத்து மணி நேரமுங்க, உட்காரக் கூடாதுங்க என்றார். பேச்சுக்கு நடுவில் ஆட்கள் வர வர, கதவைத் திறந்து 'வாங்க, வாங்க' என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நான் உங்களைத் தடுத்திருக்கக் கூடாதுங்ணா."

"அதை விடுங்க. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. நான் உங்க பேச்சை மட்டும் கேட்டு நிக்கலீங்க. அன்னைக்கே சாயங்காலம் சார்கிட்டயும் போய்க் கேட்டுப்போட்டேன்."

"கேட்டீங்களா? என்னன்னு கேட்டீங்க?"

"பெருந்துறையில கூப்பிடறாங்க, போலாமா இருக்கலாமான்னுதானுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"அவுரு போன்னும் சொல்லலீங்க, இருன்னும் சொல்லலீங்க. 'லேப்ல கேட்டீங்களா'ன்னாரு. கேட்டனுங்க, அம்மணி இருக்கச் சொல்லுதுங்கன்னேன். 'அவங்க படிச்சவங்க. யோசிச்சுத்தான் சொல்லியிருப்பாங்க'ன்னாரு." மாரப்பண்ணன் எனக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டார். "அத்தனை பெரிய மனுசன், உங்களை எப்படி மதிச்சிருக்காரு பாருங்க!"

அதிலும் பொய் இல்லை. நான் படித்தவள்தான், யோசித்துத்தான் சொன்னேன்.

தினமும் காலையில் என்னைப் பேசவிட்டு அவர் ஏன் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார் என்று அந்தத் துணிக்கடை வாசலில் எனக்குப் புரிந்தது. நாலாம் நம்பரை ஓட்டிக் காட்ட மாரப்பண்ணன் இருந்தாக வேண்டும். மாரப்பண்ணன் இருக்க, யாராவது அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். சாருக்குப் பொய் சொல்ல வராது. பதினொரு கம்பெனியிலும் ஒரு ஆர்வக்கோளாறு பிடித்த பிள்ளை லேபிலோ ஸ்டோரிலோ கிடைத்திருக்கும். அந்தப் பொய்யை உண்மையென்று நம்பிச் சொல்ல.

"இன்னொரு விசயமுங்க அம்மணி" என்றார் மாரப்பண்ணன், குரலைத் தாழ்த்தி. "பெரிய புள்ள காலேஜ் சேந்திருக்குது. கெமிக்கல் எஞ்சினியரிங். நாந்தான் சேத்திப்போட்டேன். உங்களைத்தான் சொன்னேன்: அந்த அம்மணி மாதிரி வரோணும், கோட்டு போட்டுட்டு லேப்ல நிக்கோணும்னு. சொந்தக்காரங்க எல்லாம் அது எதுக்கு, கம்ப்யூட்டர்ல சேத்துன்னாங்க. எனக்கும் நடுவுல ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. யாரைக் கேக்கறது? நீங்களே வந்துட்டீங்க. நல்ல படிப்புதானுங்களே?"

கடைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அவர் கதவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"நல்ல படிப்புங்ணா" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்பச் சரிங்க" என்றார் மாரப்பண்ணன். "நெஞ்சுக்குள்ள ஒண்ணு அடைச்சுட்டே இருந்துச்சுங்க. நீங்க சொன்னீங்கல்ல, போயிருச்சு."